பந்தும் வட்டமும்: போர் கடந்த ஊர்களில் விளையாட்டு பிள்ளைகளுக்கு எப்படித் துணை நிற்கிறது

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, பாடசாலை மைதானம் என்றதும் இல்ல விளையாட்டுப் போட்டி மட்டும் நினைவுக்கு வருவதில்லை. சுற்றிவளைப்பில் ஊரையே கொண்டுவந்து வெயிலில் இருத்திய இடம் அது. முகத்தை மூடிக்கொண்டு, தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவைத்த இடம். 1990இலும், பிறகு 2006இல் வாகரைப் பக்கத்துச் சனம் பெயர்ந்து வந்தபோதும், குடும்பம் குடும்பமாக ஒதுங்கிய இடங்களில் பாடசாலைகளும் இருந்தன. அதே மண்ணில்தான் இன்று ஒரு பந்தைப் போட்டுப் பிள்ளைகளை விளையாட விடுகிறோம்.

விளையாட்டு மனக்காயத்தை ஆற்றும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். பந்தைப் போட்டுவிட்டுப் போனால் எதுவும் ஆறாது. அதே பந்து ஒரு பிள்ளையைத் தூக்கி நிறுத்தவும் செய்யும், இன்னும் ஒடுங்க வைக்கவும் செய்யும். யார் நடத்துகிறார், எந்த நேரத்தில், தோற்ற பிள்ளைக்கு என்ன நடக்கிறது, பயந்த பிள்ளைக்கு எங்கே இடம் என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. கழகத்து இளைஞர்கள், அறநெறிப் பாடசாலை, குர்ஆன் மத்ரசா, ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள், சிறுவர் கழகம் நடத்துபவர்கள் என்று முதல் தடவையாக இதில் இறங்குகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு என்ன குறை?

கிழக்கில் சண்டை 2007 நடுப்பகுதியில் ஓய்ந்தது, நாடு முழுவதும் 2009 மே மாதத்தில் முடிந்தது. இன்று 12 வயதுப் பிள்ளை அதற்கெல்லாம் பிறகு பிறந்தது. ஆனால் போர் அந்தப் பிள்ளையிடம் வேறு வழியாக வந்து சேர்கிறது. காணாமல் போன மாமாவின் படம் சாமித்தட்டில் இருக்கும். அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் அம்மம்மா எழுந்து குசினிக்குள் போய்விடுவா. தகப்பன் பின்னேரமானால் குடிக்கிறார், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம். கடன் வசூலிக்க வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வீடே பேசாமல் இருக்கும். போரோடு 2004 டிசம்பர் 26 சுனாமியின் இழப்பும், 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் உட்படப் பலர் கொல்லப்பட்ட பிறகு ஊர்களுக்கு இடையே விழுந்த சந்தேகமும் சேர்ந்துகொண்டன. பெரியவர்களின் பயம் சொல்லாமலே பிள்ளைகளிடம் இறங்குகிறது. சின்னப் பிள்ளை பெரியவரின் முகத்தைப் பார்த்துத்தான் உலகம் பாதுகாப்பானதா என்று தெரிந்துகொள்கிறது.

நெருக்கீடு என்பது உடம்பில் நடக்கும் ஒன்று. ஆபத்து வந்தால் நெஞ்சு வேகமாக அடிக்கும், தசை இறுகும், ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகும்; இரண்டும் முடியாதபோது அப்படியே உறைந்து நிற்கும். ஆபத்து போனதும் இது தணிய வேண்டும். ஓயாத பயத்தில் வளரும் பிள்ளைக்கு இந்த அபாய மணி லேசில் தணிவதில்லை. அதனால்தான் சிலர் சின்னத் தள்ளலுக்கும் அடிக்கப் பாய்கிறார்கள், சிலர் கூப்பிட்டாலும் கேளாததுபோல் நிற்கிறார்கள். ஆசிரியர் அதைத் திமிர் என்றோ மந்தம் என்றோ எடுத்துக்கொள்கிறார்.

விளையாட்டு இங்கே செய்வது இரண்டு வேலை. நெஞ்சு வேகமாக அடித்தாலும் எதுவும் கெட்டது நடக்கவில்லை, பிறகு அது தானாகத் தணிகிறது என்பதை உடம்பு திரும்பத் திரும்பப் பழகுகிறது. இரண்டாவது, எப்போதும் வந்துசேரும் ஒரு பெரியவரும், தன் பெயர் தெரிந்த ஒரு கூட்டமும் கிடைக்கின்றன. முதலாவதற்கு நல்ல விளையாட்டு போதும். இரண்டாவதற்கு ஆள் வேண்டும்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அவசர நிலைமைகளில் உளசமூக ஆதரவுக்கென்று 2007இல் சர்வதேச அமைப்புகள் கூடி வெளியிட்ட வழிகாட்டி, உதவியை நாலு அடுக்காகப் பிரிக்கிறது. அடியில் சாப்பாடு, பாதுகாப்பு, இருப்பிடம். அதற்கு மேல் குடும்பமும் ஊரும் தரும் ஆதரவு. மூன்றாவதில் பயிற்சி பெற்றவர்கள் தனிப்பட்ட பிள்ளைக்குச் செய்யும் உதவி. உச்சியில் மனநல வைத்தியம். விளையாட்டுக் குழு இரண்டாம் அடுக்கில் இருக்கிறது. அது வைத்தியம் இல்லை. பட்டினியாக வரும் பிள்ளைக்கு முதல் அடுக்கே இல்லை. அதற்கு அவித்த கடலையோ கௌபியோ கொடுத்துவிட்டுத்தான் பந்தைக் கொடுக்க வேண்டும்.

இடம், நேரம், ஆட்கள்

ஒரு குழுவுக்கு 20 பிள்ளைகள், மிஞ்சினால் 25. அதற்கு மேல் போனால் ஒதுங்கி நிற்கும் பிள்ளை கண்ணில் படாது, அந்தப் பிள்ளைக்காகத்தான் எல்லாமே. பெரியவர்கள் எப்போதும் இரண்டு பேர். அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். 6 முதல் 9, 10 முதல் 13, 14 முதல் 17 என்று வயதைப் பிரித்து நடத்துங்கள். 15 வயதுப் பையனையும் 7 வயதுப் பிள்ளையையும் ஒரே திடலில் விட்டால் சின்னது விழும், பெரியவனுக்கு ஏச்சு விழும், இருவரும் அடுத்த கிழமை வரமாட்டார்கள்.

வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் 75 நிமிடம். நாள் மாறக்கூடாது, நேரம் மாறக்கூடாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நாலு மணிக்கு முன் மணல் கால் வைக்க முடியாத சூடாக இருக்கும். ஆறு மணியோடு இருட்டிவிடும். ஆகவே நாலு மணிக்குத் தொடங்கி ஐந்தே காலுக்கு முடிப்பது பொருந்தும். வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் போன்ற, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கங்களில் அந்திக்கு யானை இறங்கும். அங்கே மூன்றரைக்கே நிழலில் தொடங்கி, பிள்ளைகள் வெளிச்சத்தில் வீடு சேரும்படி விடுங்கள். ஐப்பசி தொடக்கம் தை வரை மழை. மழைக்கு ரத்துச் செய்தால் மூன்று மாதம் போய்விடும், பிறகு பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு. ஒரு வகுப்பறை, பல்தேவைக் கட்டடம், கோயில் மண்டபம் என்று மாற்று இடத்தை முன்பே பேசி வையுங்கள். ரப்பர் வளையம் எறிதல், கயிறடித்தல், களிமண் என்று உள்ளே நடத்தலாம்.

இடத்தை ஒருவர் முன்கூட்டியே நடந்து பார்க்க வேண்டும். கண்ணாடித் துண்டு, முட்கம்பி, மூடாத கிணறு. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக 2017இல் அறிவிக்கப்பட்டாலும், பழைய முகாம், பதுங்குகுழி இருந்த காணிகளைத் தவிர்ப்பதே நல்லது. தெரியாத இரும்புப் பொருள் கண்டால் தொடாமல், எறியாமல், இடத்தை அடையாளம் வைத்து 119க்குச் சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் முதல் நாளே சொல்லுங்கள். அதோடு, பாட்டன் பாட்டிமாரிடம் அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். ஆளைக் கொண்டுபோன இடம், புதைத்த இடம் என்று ஊருக்குத் தெரிந்திருக்கும், புதிதாக வந்தவருக்குத் தெரியாது. அப்படியான இடத்துக்குப் பேரப்பிள்ளையை அனுப்ப அவர்களுக்கு மனம் வராது, காரணமும் சொல்லமாட்டார்கள்.

சாமான் பெரிதாக வேண்டாம். 3 உதைபந்து (சின்னவர்களுக்கு 3ஆம் இலக்கம், 10 வயதுக்கு மேல் 4ஆம் இலக்கம்), 6 டென்னிஸ் பந்து, 10 மீற்றர் கயிறு, எல்லை வைக்க 20 சிரட்டை, இரண்டு நிறத்தில் கிழித்த பழைய புடவைத் துணி 25, கோடு போட சாம்பல் அல்லது சுண்ணாம்பு. குடிதண்ணீர் ஆளுக்கு அரை லீற்றர். முதலுதவிப் பெட்டி. காற்றடிக்கும் பம்பும் இரண்டு ஊசியும். விசிலை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம்.

விசிலும் வரிசையும்

கிழக்கில் எத்தனையோ பிள்ளைகள் ஆயுதக் குழுக்களில் சேர்க்கப்பட்டார்கள். 2004 சித்திரையில் நூற்றுக்கணக்கில் வீடு திரும்பியவர்கள் இன்று தாய் தகப்பன்மார். விசில் ஊதி, வரிசையில் நிறுத்தி, அதட்டிக் கட்டளையிட்டு, பிந்தி வந்தவனைத் திடலைச் சுற்றி ஓடவிடும் பயிற்சி அவர்களுக்கு எதை நினைவூட்டும் என்று நினைத்துப் பாருங்கள். வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் தாய் மறுநாள் பிள்ளையை அனுப்பமாட்டா.

ஆகவே வரிசைக்குப் பதில் வட்டம். வட்டத்தில் முதலாம் ஆள், கடைசி ஆள் இல்லை. எல்லார் முகமும் தெரியும், யாரும் பின்னால் நிற்பதில்லை. விசிலுக்குப் பதில் கைதட்டல்: நடத்துபவர் ஒரு தாளத்தில் தட்ட, கேட்டவர் கேட்டவர் சேர்ந்து தட்ட, பத்து விநாடிக்குள் திடல் அமைதியாகும். முதல் கிழமை ஒரு நிமிடம் எடுக்கும், பொறுங்கள். ஓட்டப்போட்டி தொடங்க வெடிச்சத்தம் வேண்டாம். தண்டனையாக ஓடவிடுவது, தோப்புக்கரணம், கிண்டல் பெயர் எதுவும் வேண்டாம்.

75 நிமிடம் எப்படிப் போகும்

முதல் 10 நிமிடம் வட்டம். ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரித் தொடங்க வேண்டும். பந்து கைமாறும், பந்து வைத்திருப்பவர் தன் பெயரையும் ஒரு அசைவையும் செய்வார், மற்றவர்கள் அதைத் திரும்பச் செய்வார்கள். பேச விரும்பாத பிள்ளை பந்தைப் பக்கத்தில் கொடுத்துவிடலாம், அதுவும் பங்கெடுத்ததுதான். அடுத்த 15 நிமிடம் உடம்பைச் சூடாக்கும் ஓட்டம்பாட்டம். பிறகு 30 நிமிடம் முக்கிய விளையாட்டு. 10 நிமிடம் தணிவு. கடைசி 10 நிமிடம் மறுபடி வட்டம்: இன்று பிடித்தது எது, அடுத்த முறை என்ன மாற்றலாம், அடுத்த நாள் எப்போது.

தணிவு நேரத்தைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஓட்டத்தின் உச்சத்தில் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் அந்த வேகம் தம்பி தங்கச்சியில்தான் போய் விழும். நிழலில் மணலில் இருத்துங்கள். ஒரு கையை வயிற்றில் வைத்து, மனதுக்குள் மூன்று எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும் வரை வாயால் மெல்ல விட வேண்டும், விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் ஆட்டுவதுபோல. ஆறு தடவை போதும். "கண்ணை மூடுங்க" என்று சொல்லாதீர்கள். கண் மூடினால் பயப்படும் பிள்ளை ஒவ்வொரு குழுவிலும் இருக்கும். தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னால் போதும்.

விளையாட்டைத் தெரிவு செய்யும்போது ஊர் விளையாட்டை முதலில் பாருங்கள். கிளித்தட்டு இந்த வேலைக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். 6 மீற்றர் அகலம், 12 மீற்றர் நீளத்தில் சாம்பலால் ஒரு பெட்டி. நடுவால் நீளத்துக்கு ஒரு கோடு. குறுக்கே 3 மீற்றருக்கு ஒரு கோடாகப் பிரித்தால் பக்கத்துக்கு நாலு தட்டு. குறுக்குக் கோடுகளில் ஒவ்வொருவர் காவல், நடுக்கோட்டில் கிளி என்று சொல்லப்படும் காவல்காரர் ஓடுவார், மறு அணி தொடுபடாமல் ஊடறுத்துப் போய் வரும். விதி ஊருக்கு ஊர் மாறும், உங்கள் ஊர் விதியையே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை கோட்டின் முன் நின்று காவல்காரனின் கண்ணைப் பார்க்கிறது, காத்திருக்கிறது, பாய்கிறது, அடுத்த தட்டுக்குள் போய் மூச்சு வாங்குகிறது. பதற்றமும் தணிவும் ஒரு நிமிடத்தில் நாலைந்து தடவை மாறி மாறி வருகின்றன, ஒவ்வொரு தட்டும் ஒரு சின்னப் பாதுகாப்பான இடம். செலவு ஒரு பிடி சாம்பல். தமிழ்ப் பாட்டனுக்கும் முஸ்லிம் பாட்டனுக்கும் தெரிந்த விளையாட்டு, கற்றுக்கொடுக்க அவர்களையே கூப்பிடலாம்.

இரண்டு மாற்றம் மட்டும் செய்யுங்கள். தொடுபட்ட பிள்ளை வெளியே போகவேண்டாம். தொட்ட காவல்காரர் ஓடும் அணிக்கும், தொடுபட்டவர் காவலுக்கும் மாறட்டும். வெளியேற்றும் விளையாட்டில் முதலில் வெளியே போவது பலமில்லாத, பயந்த பிள்ளைதான். 30 நிமிடத்தில் 25 நிமிடம் அது வெளியே இருந்து பார்க்கும். அடுத்தது, பின்னால் கை படுவதைத் தாங்காத பிள்ளை இருந்தால், எல்லாருக்கும் இடுப்பில் துணித்துண்டு செருகி, தொடுவதற்குப் பதில் அதை உருவச் சொல்லுங்கள். ஒருவருக்கு மட்டும் செய்தால் அந்தப் பிள்ளை குறிக்கப்பட்டுவிடும். இதே காரணத்தால், மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடும் எல்லே விளையாட்டில் ஓடுபவரைப் பந்தால் அடித்து ஆட்டமிழக்கச் செய்யும் விதியை மாற்றி, கம்பத்தைப் பந்தால் தொட்டால் போதும் என்று வையுங்கள்.

உதைபந்தில் வேறு சிக்கல். கெட்டிக்காரப் பையன் ஒருவன் பந்தை வைத்துக்கொண்டே இருப்பான். ஏசிப் பயனில்லை, விதியை மாற்றுங்கள்: ஒருவர் பந்தை மூன்று தடவை மட்டும் தொடலாம், அணியில் எல்லார் காலிலும் பட்ட பிறகு அடித்தால்தான் கோல். இரண்டு தலைவர்களை விட்டு ஆள் தெரிவு செய்வதை அடியோடு நிறுத்துங்கள். கடைசியாக நிற்கும் பிள்ளை அதை வருடக்கணக்கில் மறக்காது. பிறந்த மாதத்தால் பிரிக்கலாம், கண் மூடாமல் பையிலிருந்து துணியை எடுக்கச் சொல்லி நிறத்தால் பிரிக்கலாம்.

ஒவ்வொரு திடலிலும் ஒரு நிழல் மூலை வேண்டும். ஒரு மரம், ஒரு பாய், தண்ணீர்ப் போத்தல். யாரும் கேட்காமலே அங்கே போய் இருக்கலாம், விரும்பியபோது திரும்பலாம். "மனே, ஓடுறயா, கொஞ்சம் இருக்கிறயா?" என்று தெரிவைப் பிள்ளையிடம் விடுங்கள். வீட்டில் எதுவும் தன் கையில் இல்லாத பிள்ளைக்கு, ஓடாமல் இருக்கும் உரிமை ஓடுவதை விடப் பெரிய உதவியாக இருக்கும்.

ஒரு பிள்ளை உறைந்து நின்றால்

கோயில் சடங்கில் சீனவெடி, இடி, வாகன டயர் வெடிப்பு, அல்லது வெளியில் யாருக்கும் தெரியாத ஏதோ ஒன்று. பிள்ளை நடுத்திடலில் நிற்கும், கண் எங்கோ நிலைத்திருக்கும், மூச்சு மேலால் வாங்கும், கூப்பிட்டால் கேளாது. ஒரு பெரியவர் மட்டும் போகட்டும். மற்றவர் விளையாட்டைத் தொடரட்டும், இல்லாவிட்டால் 20 பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். முன்பக்கமாக, மெல்ல நடந்து போங்கள். ஒரு கை நீளத் தூரத்தில் குந்தி, கண் மட்டத்துக்கு வாருங்கள். தொடாதீர்கள். பெயரைச் சொல்லி, "நீ நம்மட விளையாட்டுத் திடல்ல நிக்கிறாய். நான் பக்கத்தில இருக்கன். அது வெடிச்சத்தம், கோயில்ல போட்டது. முடிஞ்சிட்டு" என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். காலை மணலில் அழுத்தச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து சாமானைச் சொல்லச் சொல்லுங்கள்: மரம், சிரட்டை, நீலத்துணி. ஒரு மிடறு தண்ணீர். பிறகு நிழல் மூலைக்குப் போவதா, பக்கத்தில் இருப்பதா என்று கேளுங்கள்.

"என்ன நடந்தது? ஏன் பயந்தாய்? பழசு ஏதும் ஞாபகம் வந்ததா?" என்று கேட்கவே கூடாது. கதையைத் தோண்டி எடுப்பது தேர்ந்த உளவளத்துணையாளரின் வேலை, அவர்களும் பிள்ளை தயாராகும் வரை காத்திருப்பார்கள். பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள். திருத்தாதீர்கள், "அழாதே" என்று அடக்காதீர்கள். அன்று பின்னேரம் வீட்டுப் பெரியவரிடம் குற்றம் சொல்லும் தொனி இல்லாமல் தெரிவியுங்கள்.

ஒரு தடவை நடந்தால் பயப்பட எதுவுமில்லை. திரும்பத் திரும்ப நடந்து ஒரு மாதத்தைத் தாண்டினால், நித்திரையில்லை, பெரிய பிள்ளை படுக்கையில் சலம் போகிறது, பாடசாலைக்குப் போக மறுக்கிறது, தன்னைக் காயப்படுத்துகிறது என்று தெரிந்தால் அது உங்கள் அடுக்குக்கு மேலான வேலை. தன்னைக் காயப்படுத்தும் பிள்ளைக்கு ஒரு மாதம் காத்திருக்கவும் வேண்டாம், அன்றே செய்யுங்கள். பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், வைத்தியசாலை மனநலப் பிரிவு ஆகியவற்றின் இலக்கங்கள் முதல் நாளே உங்கள் கொப்பியில் இருக்க வேண்டும். துன்புறுத்தல் சந்தேகம் வந்தால் 1929, மனநல ஆலோசனைக்கு 1926, அம்புலன்சுக்கு 1990. துன்புறுத்தலை நீங்களே விசாரிக்கப் போகாதீர்கள். கேட்டதைக் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, அறிவியுங்கள்.

நடத்துபவர் யார்

மட்டக்களப்புக்கு நல்ல பயிற்றுநரின் அருமை தெரியும். புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க இயேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார். போர் இந்த ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து பறித்தவர்களில் பயிற்றுநரும் இருக்கிறார்.

திறமையான ஆட்டக்காரரைத் தேடாதீர்கள். ஒரு வருடம் தவறாமல் வரக்கூடிய, பிள்ளையை அடிக்காத, கோபம் வந்தால் தள்ளி நிற்கத் தெரிந்த ஆளைத் தேடுங்கள். அவர் வராத நாளை முன்கூட்டியே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைந்துபோன பெரியவர்கள் இந்தப் பிள்ளைகளின் குடும்பத்தில் ஏற்கெனவே நிறையப் பேர். விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக்கூடாது, மோட்டார் சைக்கிளில் தனியே ஏற்றிப் போகக்கூடாது, கைப்பேசியில் இரகசியமாகப் பேசக்கூடாது, பெற்றோர் சம்மதமின்றிப் படம் எடுக்கக்கூடாது. நல்லவர் என்று ஊரே சொல்லும் ஆளுக்கும் இது பொருந்தும். உதவி செய்யும் நிறுவனம் படம் கேட்டால் முகம் தெரியாமல் எடுத்துக் கொடுங்கள்.

12 வயதில் நின்றுவிடும் பெண் பிள்ளைகள்

ஏறக்குறைய எல்லா ஊரிலும் நடப்பது இது. காரணத்தைப் பிள்ளையிடம் கேட்டால் "விருப்பமில்லை" என்று வரும். உண்மையான காரணம் பெரும்பாலும் திடல் றோட்டுக்கரையில் இருப்பது, பயிற்றுநர் ஆண், உடுப்பு, வீடு போகும் வழி, மலசலகூடம் இல்லாமை. இவை எல்லாம் தீர்க்கக்கூடியவை. பாடசாலை உள்முற்றத்துக்கு மாற்றுங்கள். முழுக்கை, நீளக் காற்சட்டை, முக்காட்டோடு விளையாடலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து வீடு போகும் ஒழுங்கைத் தாய்மாரே செய்யட்டும். பூட்டுள்ள மலசலகூடம் இல்லாத இடத்தில் தொடங்கவே வேண்டாம். வலைப்பந்து, எல்லே, கயிறடித்தல் மூன்றும் நன்றாக ஓடும். பெற்றோர் கூட்டத்தில் அதிபருக்கும் தகப்பன்மாருக்கும் இதையும் சொல்லலாம்: 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை விளையாட்டை ஒரு உரிமையாகவே சொல்கிறது, ஆண் பெண் பிரித்தல்ல.

தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும்

இது மிகக் கவனமாகச் செய்ய வேண்டியது. 1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பரில் வந்தாறுமூலை பல்கலைக்கழக முகாமிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் திரும்பவில்லை. இரண்டு சமூகமும் தன் இழப்பைத் தெளிவாகவும் மற்றதன் இழப்பை மங்கலாகவும் நினைவில் வைத்திருக்கிறது. இந்த நிலையில் தமிழ்ப் பாடசாலைக்கும் முஸ்லிம் பாடசாலைக்கும் "நல்லிணக்க உதைபந்துப் போட்டி" வைப்பது தவறு. ஒரு தவறான தள்ளல் போதும், பார்வையாளர் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுவார்கள்.

சமமான நிலை, பொதுவான இலக்கு, ஒருவருக்கொருவர் உதவி, பெரியவர்களின் வெளிப்படையான ஆதரவு ஆகிய நாலும் இருந்தால்தான் சந்திப்பு வெறுப்பைக் குறைக்கும் என்று 1954இலேயே கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் சொன்னார். ஈராக்கில் போருக்குப் பின் கிறிஸ்தவ, முஸ்லிம் வீரர்களைக் கலந்து உதைபந்து அணிகள் அமைத்துச் செய்த ஆய்வொன்று 2020இல் வெளிவந்தது. கலந்த அணியில் ஆடிய கிறிஸ்தவர்கள், ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம் வீரர்களோடு சேர்ந்து பயிற்சி செய்யக் கூடுதலாக முன்வந்தார்கள். ஆனால் திடலுக்கு வெளியே, முஸ்லிம்கள் அதிகம் வாழும் நகருக்குப் போய்ச் சாப்பிடுவது போன்றவற்றில் பெரிய மாற்றம் வரவில்லை. ஆகவே முதல் நிமிடத்திலிருந்தே கலந்த அணி வேண்டும். திடலுக்கு வெளியேயும் ஏதாவது வேண்டும், தாய்மார் சேர்ந்து தேநீர் போடுவதாவது.

செய்முறையில்: இரு ஊரிலிருந்தும் சம எண்ணிக்கை. இடம் இரண்டுக்கும் நடுவில், அல்லது மாறி மாறி. முதல் ஆறு தடவை வெற்றி தோல்வி எண்ணாத விளையாட்டு. வெள்ளிக்கிழமையும் ஞாயிறு காலையும் வேண்டாம். நோன்பு மாதம், நவராத்திரி, வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு எல்லாவற்றையும் நாட்காட்டியில் குறித்துவிட்டுத்தான் திகதி போடுங்கள். சாப்பாடு மரக்கறி வைத்தால் ஒருவரும் ஒதுங்கவேண்டியதில்லை. நமக்கு ஒரு பெரிய வசதி, இரு பக்கமும் பேசுவது தமிழ். அம்பாறையில் சிங்களப் பிள்ளைகளும் சேரும்போது, கைதட்டல், எல்லாரும் சுற்றி நின்று ஓரத்தைப் பிடித்து ஆட்டும் பாராசூட் துணி, பந்து கடத்தல் என்று பேச்சில்லாத விளையாட்டுகளால் தொடங்கலாம்.

இது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. சண்டை நடந்துகொண்டிருந்த 1996இலேயே மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கி, தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைக் களிமண், வண்ணம், கதை, நாடகம் என்று ஒன்றாக இருத்தியது. அவர்கள் ஒரு நாள் விழா நடத்திவிட்டு அனுப்பவில்லை. அதே பிள்ளைகளை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரவழைத்தார்கள்.

கோப்பையும் கொப்பியும்

ஆறு மாதம் போனால் கழகத்துக்குக் கோப்பை ஆசை வரும். சுற்றுப்போட்டி என்றதும் கெட்டிக்காரர் 11 பேர் அணிக்குள், மற்றவர்கள் வேலிக்கு வெளியே. போட்டியே கூடாது என்பதில்லை. தோற்பதைத் தாங்கப் பழகுவதும் தேவைதான். அந்தக் குழுவை வேறு நாளில் தனியாக நடத்துங்கள், இந்த 75 நிமிடத்தைத் தொடாதீர்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஒரு கொப்பி போதும். ஒவ்வொரு நாளும் வரவு. மாதம் ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி: வட்டத்தில் பேசியதா, யாரோடு சேர்ந்தது, சண்டை வந்தால் எவ்வளவு நேரத்தில் அடங்கியது, நிழல் மூலையில் எவ்வளவு நேரம். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அந்தக் கிழமையே போங்கள். வீட்டில் பெரும்பாலும் ஏதோ நடந்திருக்கும்.

வெளிக் காசில் நடக்கும் வேலை என்றால் அது முடியும் திகதியைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் முதல் நாளே சொல்லுங்கள். முடிவதற்கு மூன்று மாதம் முன்பே 16, 17 வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பெரியவரோடு சேர்ந்து வட்டம் நடத்தப் பழக்குங்கள், ஒருவர் பெண் பிள்ளையாக இருக்கட்டும். சாமானை அலுமாரிக்குள் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். பந்து யார் வீட்டில் இருக்கும், காற்றுப் போனால் பம்பும் ஊசியும் யாரிடம், ஊசி உடைந்தால் மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ எந்தக் கடையில் வாங்கலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊசி இல்லாமல் நின்றுபோன விளையாட்டுக் குழுக்கள் இந்தக் கரையில் நிறைய.